யாருடைய வயசு கணக்கில் வரும்?

தோழர்களே,

திருச்சபையில் தலைமைக்கு வருகிறவனுக்கு வயசு வேண்டும், வாழ்க்கை அனுபவம் வேண்டும் என்று சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மீசை முளைக்காத பையன் கையில் ஒரு சபையையும் அதன் பள்ளிக்கூடத்தையும் நிலபுலனையும் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நமக்கும் வராது. ஆனால் இந்த நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சேரிப் பக்கம் வந்து பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. நம் பிள்ளை இளவட்டமாகப் போய் நின்றால், "தம்பி, உனக்கு அனுபவம் பத்தாது" என்கிறார்கள். அதே பிள்ளை முப்பது வருஷம் ஊழியம் செய்துவிட்டு நரைத்த தலையோடு போய் நின்றால், "பெரியவரே, உங்களுக்குப் படிப்பு பத்தாது" என்கிறார்கள். கதவு ஒன்றுதான். ஆளைப் பார்த்துப் பூட்டை மாற்றிக்கொள்கிறார்கள்.

போன மாசம் ஜலகண்டாபுரத்தில் நம் வாசகர் வட்டம் கூடியபோது இதைப் பற்றிச் சூடான பேச்சு. இறையியல் படிக்கும் தோழர் ஒருவர்தான் கிளப்பிவிட்டார். உடனே ஒரு கல்லூரி மாணவர் குறுக்கிட்டார்: "நாடகாசிரியர் ப. கண்ணன் பேரைச் சொன்னாலே பகுத்தறிவு ஞாபகம் வர்ற ஊருங்க இது. இங்க உக்காந்துக்கிட்டு பிஷப்புக்கு என்ன வயசு இருக்கோணும்னு நாம எதுக்குங்க மண்டையை ஒடைச்சுக்கோணும்?"

நல்ல கேள்வி. எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பிஷப் என்பவர் அங்கி போட்டுப் பிரசங்கம் செய்கிறவர் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் போடுவது, கல்லூரியில் சீட்டு, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வெள்ளைக்காரன் காலத்து நிலம் யாருக்குக் குத்தகை என்பது வரை அவர் நிர்வாகத்தின் கையெழுத்து இல்லாமல் நகராது. 1950-ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவனாகிவிட்ட தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956-ல் சீக்கியத் தலித்துகளுக்கும் 1990-ல் பௌத்தத் தலித்துகளுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவத் தலித்துக்கு இன்றுவரை திறக்கவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொல்லியும் திறக்கவில்லை. நம் மேற்கு மாவட்டங்களில் இது இன்னும் கொடுமை. அருந்ததியருக்கு 2009-ல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கிறிஸ்தவரான அருந்ததியர் அந்த வரிசையிலும் நிற்க முடியாது. அரசாங்க வாசலும் அடைத்து, சர்ச் வாசலும் அடைத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஆகவே இது சாமி கும்பிடுகிறவன் விவகாரம் மட்டும் என்று நாம் ஒதுங்கிப் போக முடியாது.

* * *

முதலில் ஏட்டில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷச் சட்டத் தொகுப்பின்படி குருப்பட்டம் வாங்க 25 வயசு நிரம்பியிருக்க வேண்டும். ஆயராவதற்கு 35 வயசு. குருவாகி ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். மறைநூலிலோ இறையியலிலோ திருச்சபைச் சட்டத்திலோ உயர் பட்டம் இருக்க வேண்டும், பட்டம் இல்லாவிட்டால் உண்மையான புலமையாவது இருக்க வேண்டும். 75 வயசானால் ஆயர் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். 80 தாண்டிய கர்தினாலுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுக் கிடையாது. ஆங்கிலிகன் சபையின் பழைய ஒழுங்கில் குருவுக்கு 24, பிஷப்புக்கு 30.

லூக்கா சுவிசேஷக் கணக்குப்படி இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்குச் சுமார் 30 வயசு. மரபு சொல்கிற கணக்குப்படி 33-ல் சிலுவையில் ஏற்றிவிட்டார்கள். தச்சு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை, பட்டமும் கிடையாது. இன்றைக்கு வந்து நின்றாலும் ஆயர் பதவிக்கு அவர் பேர் முதல் சல்லடையிலேயே கீழே விழுந்துவிடும்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் தலைமைக்கு வேண்டிய தகுதிகள் வரிசையாக வருகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் பிஷப்புக்குக் 'கண்காணி' என்றுதான் பேர். தேயிலைத் தோட்டத்தில் நம் பாட்டன் பூட்டனை மேய்த்தவனுக்கும் அதே பேர்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். அந்தப் பட்டியலில் வயசுக்கு எண் எதுவும் இல்லை. அடுத்த அதிகாரத்திலோ, இளைஞன் என்று யாரும் தீமோத்தேயுவை லேசாக நினைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை வருகிறது. ஆக, வேதம் கேட்பது எத்தனை வருஷம் வாழ்ந்தாய் என்பதை விட, எப்படி வாழ்ந்தாய் என்பதைத்தான். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 'எப்படி வாழ்ந்தாய்' என்று சோதிக்கும் அளவுகோல் ஊர்த்தெருவில் ஒரு மாதிரியும் சேரியில் வேறு மாதிரியும் அளக்கிறது. மூன்று நிபந்தனைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சொந்த வீட்டை ஒழுங்காக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. நம் பக்கத்தில் விசைத்தறிக்கு முன்பணம் வாங்கியவன் கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய பணம் வருஷக்கணக்கில் பாக்கியாகவே நிற்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ராத்திரி பகல் தறி ஓட்டினாலும் பாக்கி தீராது. செங்கல் சூளைக்குப் போனவன் ஆறு மாசம் ஊரிலேயே இருக்க மாட்டான். பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். இவன் வீட்டை 'நடத்துகிற' லட்சணத்தைப் பங்களாவில் உட்கார்ந்து அளந்தால் பூஜ்யம்தான் வரும். அந்தக் கூலியில் நாலு பிள்ளையைச் சாகாமல் வளர்த்ததை யார் கணக்கில் எடுப்பது?

புதிதாகச் சேர்ந்தவனாக இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. பவுல் சொன்னது நேற்று ஞானஸ்நானம் வாங்கியவனை. நம்மை நாலு தலைமுறை ஆனாலும் 'பால்பவுடருக்கும் கோதுமைக்கும் வந்தவங்கதானே' என்று பேசுகிற வாய் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்துப் பையனும் அவர்கள் கண்ணுக்குப் புதுசாகச் சேர்ந்தவன்தான்.

வெளியார் நல்ல சாட்சி சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. சேரிக்கு வெளியே இருக்கிறவர் யார்? ஊர்தான். டீக்கடையில் தனி டம்ளரை எதிர்த்தவனுக்கும், சுடுகாட்டுப் பாதைக்கு மனுக் கொடுத்தவனுக்கும், குடிதண்ணிக் குழாய்க்கு ரோட்டில் உட்கார்ந்தவனுக்கும் ஊர் என்ன சாட்சி சொல்லும்? 'கலாட்டாப் பேர்வழி' என்று சொல்லும். போலீஸ் ஸ்டேஷனில் அவன் பேரில் கேஸ் இருக்கும். கைகட்டி நின்றவனுக்கு நற்சாட்சி கிடைக்கும். நம் போராட்டக்காரனின் வாழ்க்கை அனுபவம் கூடக் கூட, அவனுடைய தகுதி குறைந்துகொண்டே போகும் விசித்திரத்தை இங்கேதான் பார்க்கலாம்.

* * *

'மூப்பர்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். சபையின் பெரியவர்களுக்கு வேதத்தில் இருக்கும் பேர் அது. கிரேக்கத்திலும் வயசில் மூத்தவர் என்றுதான் அர்த்தம். நம் ஜனங்களிலும் பல ஊர்களில் தலைக்கட்டுக்கு மூப்பன் என்று பேர் உண்டு. வயசுக்கு மரியாதை கொடுப்பது நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை.

ஆனால் கொங்குச் சீமையில் நம் வயசுக்கு என்ன மரியாதை கிடைத்தது? எழுபது வயசுத் தாத்தா தோளில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். பண்ணையத்துக்காரர் வீட்டு ஆறு வயசுப் பையன், "டேய், எங்கடா போனே?" என்பான். தாத்தா, "இந்தா வந்துட்டனுங்க சின்னக் கவுண்டரே" என்பார். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். சில ஊர்களில் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. வயசு என்பது உடம்பில் தானாக ஏறுகிறது. 'மூத்தவர்' என்ற மதிப்பு மட்டும் சாதியைக் கேட்டுக்கொண்டுதான் ஏறும். ஆறு வயசிலேயே ஒருவன் 'கவுண்டர்' ஆகிறான். எழுபதிலும் ஒருவன் 'டேய்' ஆகவே இருக்கிறான். இப்படி ஒரு மண்ணில் வந்து நின்றுகொண்டு, தலைமைக்கு வயசும் அனுபவமும் தகுதி என்று பொதுவாகச் சொன்னால், அது யாருக்கு வசதியான விதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

* * *

இதெல்லாம் கற்பனையான குற்றச்சாட்டு என்று நினைக்கிறவர்கள் சரித்திரத்தைப் புரட்டட்டும்.

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபையின் முதல் தலைமுறையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாய். பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடி அச்சகத்தில் வந்த தமிழ்ச் சுவிசேஷம் கையில் கிடைக்க, படித்து, தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்தார். படை வேலையை விட்டு உபதேசியாரானார். அவரால் சபைக்கு வந்தவர்கள் ஏராளம். எதிர்ப்பும் அடியும் பட்டவர். 1771-ல் சாகும்வரை, சுமார் நாற்பது வருஷம் உபதேசியாராகவே உழைத்தார்.

1741-ல் இரண்டாவது இந்தியக் குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. முதல் குருவான ஆரோன் 1733-ல் பட்டம் பெற்றவர், வேளாளர். ராஜநாயக்கன் பேரும் பேச்சில் அடிபட்டது. வயசு நாற்பதை ஒட்டி இருந்தது, அனுபவம் இருந்தது, ஊழியத்தின் பலனும் கண்ணெதிரே இருந்தது. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். பட்டம் தியோகு என்ற வேளாளருக்குப் போனது. ராஜநாயக்கனின் தகுதியில் குறை இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. குறை, அவர் கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்த நாக்குகளில் இருந்தது. அந்த நாக்குகளைத் திருத்துவதை விட அந்தக் கையை ஒதுக்குவது சுலபமாக இருந்தது.

இதே மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயசு சுமார் 24. இந்த ஊர் பாஷை தெரியாது, வெயில் தெரியாது, சாதி தெரியாது. ஆனாலும் தலைமை. அவர் தமிழைக் கற்றதும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டு வந்ததும் பெரிய காரியம், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: 24 வயசு வெள்ளைக்காரருக்கு அனுபவம் கேட்காத சபை, நாற்பது வயசுப் பறையருக்கு அனுபவம் இருந்தும் ஏன் கொடுக்கவில்லை?

அடுத்தது மயிலாடி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மகராசன், சாம்பவர் குலம். தஞ்சாவூருக்குப் போன இடத்தில் 1799-ல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பி அவரே பிரசங்கித்து ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். மிஷனரி வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். 1806-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. உடம்பு சரியில்லாமல் 1816-ல் ரிங்கல்தௌபே கிளம்பியபோது சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம்தான். 1818-ல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை தென்திருவிதாங்கூர்ச் சபைகளை அந்தத் தலித் உபதேசியார்தான் கட்டிக் காத்தார். மீட் வந்ததும் தலைமை மறுபடி வெள்ளைக்காரரிடம் போனது. ஆள் இல்லாத காலத்தில் நம் அனுபவம் போதும். ஆள் வந்துவிட்டால் நாம் உதவியாள். அதே லண்டன் மிஷன்தான் 1827-ல் நம் சேலத்துக்கு வந்தது. அந்த வழக்கமும் கூடவே வந்திருக்காது என்று எப்படி நம்புவது?

மூன்றாவது, வே. ச. அசரியா. இவர் தலித் இல்லை, நாடார். ஆனால் அன்றைக்கு நாடார்களும் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தையும் 1905-ல் தேசிய மிஷனரி சங்கத்தையும் உருவாக்கியதில் முன்நின்றவர். 1910-ல் எடின்பர்க் மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே அவர்களுடைய மேட்டிமையைச் சொன்னவர். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பிஷப்பானபோது வயசு 38. சட்டம் கேட்ட 30-ஐ எப்போதோ தாண்டிவிட்டார். இருந்தும் இந்தியனுக்குப் பக்குவம் வரவில்லை என்ற முணுமுணுப்பு வெள்ளைக்காரப் பாதிரிகளிடம் இருந்தது. சொந்தத் திருநெல்வேலியில் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் ஒப்பவில்லை. கடைசியில் தூரத்துத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்ற புதிய பேராயத்தைக் கொடுத்தார்கள். அங்கே மாலர்களும் மாதிகர்களும் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தார்கள். அந்த 38 வயசுக்காரர் தகுதியானவர்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் 1945-ல் அவர் சாகும்வரை, 32 வருஷம், ஆங்கிலிகன் சபையில் தனிப் பேராயத்துக்குத் தலைமை தாங்கிய இந்தியர் வேறு யாரும் இல்லை. முதல் ஆள் நன்றாக நடத்திக் காட்டிய பிறகும் இரண்டாவது ஆளுக்குப் 'பக்குவம்' வரவில்லை!

* * *

சுதந்திர இந்தியாவில் வெள்ளைக்காரன் போனான். நாற்காலி காலியானது. யார் உட்கார்ந்தார்கள்? இந்தியாவுக்கு முதல் கர்தினால் 1953-ல் கிடைத்தார். முதல் தலித் கர்தினால், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, 2022 ஆகஸ்டில் வந்தார். நடுவே 69 வருஷம். இத்தனை லட்சம் தலித் கத்தோலிக்கர்களில் ஒருவருக்குக்கூட 69 வருஷமாக வயசும் அனுபவமும் கூடி வரவில்லை என்று சொன்னால், கேட்கிறவன் கேனையனா?

அதே 2022 மார்ச்சில் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமனம் வந்தது. நம் சேலம் மறைமாவட்டமும் அந்த மறைமாநிலத்தில்தான் இருக்கிறது. தலித் மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் இந்த முறையும் தலித் இல்லையா என்று தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் தெருவில் இறங்கின. நியமிக்கப்பட்ட பிரான்சிஸ் கலிஸ்ட் மேல் நமக்குத் தனிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நம் கேள்வி முறையின் மேல். ஆயராகத் தகுந்தவர் யார் என்று ரகசியமாக விசாரிக்கிறார்கள். போப்பின் தூதர் யாரிடம் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வெளியே தெரியாது. தகுதியை அளக்கிறவர்களே பல தலைமுறையாக ஒரு பக்கத்து ஆட்களாக இருந்தால், அளவு எப்படி இருக்கும்? 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கு என்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். நல்லது. ஒப்புக்கொண்டவர்களிடம்தான் பாக்கியைக் கேட்க முடியும்.

தென்னிந்தியத் திருச்சபையில் நிலைமை வேறு மாதிரி. அங்கே தேர்தல் உண்டு, ஓட்டு உண்டு. தலித் பிஷப்புகளும் வந்திருக்கிறார்கள். 1990-களில் சென்னைப் பேராயத்தில் மா. அசரியா இருந்ததையும், அவர் தலித் கிறிஸ்தவர் பிரச்சினையை உலக அரங்குவரை கொண்டுபோனதையும் மறந்துவிட முடியாது. 2013-ல் நந்தியாலில் புஷ்ப லலிதா பிஷப்பானார், அந்தச் சபையின் முதல் பெண் பிஷப். ஆனால் அங்கே இன்னொரு நோய். வந்தவர் இறங்க மாட்டார். 2022-ல் பிஷப்புகளின் ஓய்வு வயசை 67-லிருந்து 70 ஆக்கச் சினோடு முடிவெடுத்தது. அது கோர்ட்டுப் படியேறி வழக்கு மேல் வழக்காக நடந்தது. அனுபவம் முக்கியம் என்றுதான் இதற்கும் காரணம் சொல்கிறார்கள். அனுபவம் என்ற அதே சொல் மேலே இருக்கிறவருக்கு நாற்காலியை நீட்டித் தருகிறது, கீழே இருக்கிறவனுக்கு நாற்காலியைத் தள்ளி வைக்கிறது. பாட்டாளி வீட்டுக்காரன் சந்தா பாக்கி என்று ஓட்டர் பட்டியலிலிருந்து பேர் நீக்கப்பட்டு வெளியே நிற்கிறான்.

* * *

இப்போது நம் கிராமங்களுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு உபதேசியார். சபையின் பேரும் அவர் பேரும் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஊழியம். சைக்கிளில் நாலைந்து சேரிக்குப் போய்வருவார். குருவானவர் மாசத்துக்கு ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான். ராத்திரி ஒருமணிக்குச் சாவு என்றால் இவர். தாலியை அடகு வைத்த சண்டை என்றால் இவர். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியாரிடம் கெஞ்சுவது இவர். தறிக்காரர் அடித்துவிட்டார் என்றால் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும் இவர்தான். அந்தச் சபைக்கு 27 வயசில் புதிதாகப் பட்டம் வாங்கிய ஒரு குரு மாறி வந்தார். வந்த முதல் வாரமே கணக்குநோட்டை வாங்கிக்கொண்டார். பெரியவரைப் பார்த்து, "நீங்க இனிமே மணி அடிச்சா போதும்" என்றார். நாங்கள் சில பேர் போய்க் கேட்டோம். "அவருக்கு என்னங்க குவாலிஃபிகேஷன் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

இந்தப் பெரியவர்களுக்காவது 'உபதேசியார்' என்ற பேர் மிஞ்சியது. பைபிள் உமன் என்று வீடு வீடாக நடந்தார்களே நம் பாட்டிமார், அவர்கள் பேர் எந்தச் சபைச் சரித்திரத்தில் இருக்கிறது? பிரசவத்துக்கு நின்றதும், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை வாசலில் மறித்ததும், எழுத்துத் தெரியாத பெண்களுக்கு அரிக்கன் விளக்கில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் ஊழிய அனுபவம் இல்லையா? தென்னிந்தியத் திருச்சபை 1976-ல்தான் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்ணுக்கு எத்தனை வயசானாலும் அந்த வாசல் கிடையாது. துறவற மடத்துக்குப் போனால்? பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்ததை மாணவர்கள் படித்திருப்பீர்கள். சேரிப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியாஸ்திரியாகப் போன தலித் பெண் ஏன் வெளியே வந்தார் என்று அது சொல்கிறது. அவருடைய சேரி அனுபவத்தை மடம் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு மாதிரி நடக்கவே முடியாதா? முடியும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இருக்கிறது. அங்கே மாணவர்களைக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே ஏழைகளின் குடியிருப்புகளில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். பரட்டை என்று நாம் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் இருந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லாரும் கூடிச் சமைத்து ஒன்றாக உண்ணும் 'ஒரு ஒல' என்பதையே நற்கருணையின் அர்த்தமாகச் சொன்னார். 2005-ல் அவர் செத்தபோது நாம் ஒரு வாத்தியாரை இழந்தோம். சேரியின் வாழ்க்கையே பாடப்புத்தகமாக இருக்கலாம் என்று ஒரு கல்லூரியில் நடத்திக் காட்டிய பிறகு, முடியாது என்று சொல்ல யாருக்கும் வாயில்லை.

* * *

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கிழடுகளை எல்லாம் இறக்கிவிட்டு இளைஞர்களை ஏற்றினால் சரியாகிவிடும் என்று உங்களில் சில பேர் பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்ன 27 வயசுக் குருவும் இளைஞர்தான். இளமை தானாகவே நியாயத்தைக் கொண்டுவராது, நரையும் கொண்டுவராது. 38 வயசு அசரியாவும் தகுதியானவர்தான், நாற்பது வருஷம் உழைத்த ராஜநாயக்கனும் தகுதியானவர்தான். யார் வாழ்ந்த வருஷங்கள் அனுபவம் என்று எண்ணப்படுகின்றன, யார் வாழ்ந்தவை வெறும் கூலி நாட்களாகக் கழிக்கப்படுகின்றன என்று கேட்க வேண்டும். நம் சண்டை அந்தக் கணக்கோடுதான்.

ஆகவே சபைகளின் முன் இவற்றை வைக்கிறோம்:

1. உபதேசியார்களும் பைபிள் உமன்களும் ஊழியம் செய்த வருஷங்களைக் குருப்பட்டத்துக்கான தகுதியாக எழுத்தில் ஏற்க வேண்டும். மேல்படிப்பு வேண்டுமானால் சபையே சம்பளத்தோடு அனுப்பிப் படிக்க வைக்கட்டும்.

2. கத்தோலிக்கச் சட்டத்தில் கல்யாணமான ஆண்கள் 35 வயசில் நிரந்தரத் திருத்தொண்டர் ஆக இடம் இருக்கிறது. மும்பையில் கொடுக்கிறார்கள். நம் சேரி உபதேசியார்களுக்கு ஏன் அது கண்ணில் காட்டப்படவில்லை?

3. ஆயர் நியமன விசாரணையில் தலித் பொதுநிலையினரின் குரலும் பெண்களின் குரலும் கேட்கப்பட வேண்டும். 2016 கொள்கை அறிக்கையில் எவ்வளவு நடந்தது என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் வருஷா வருஷம் கணக்கு வெளியிட வேண்டும். அதில் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரித்தே காட்ட வேண்டும். கடைசியில் நிற்கிறவன் யார் என்று அப்போதுதான் தெரியும்.

4. குருமடத்தில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும், எந்தச் சாதியானாலும், குறைந்தது ஒரு வருஷம் சேரியில் ஒரு வீட்டில் தங்கி அந்த வீட்டுச் சோற்றைத் தின்ன வேண்டும். தின்ன முடியாதவனுக்கு நற்கருணை கொடுக்கும் தகுதி இல்லை.

5. ஓய்வு வயசு வந்தால் இறங்க வேண்டும். சந்தா பாக்கியைக் காட்டிக் கூலிக்காரனின் ஓட்டைப் பறிக்கக் கூடாது.

இதெல்லாம் கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ராஜநாயக்கன் பேர் தள்ளப்பட்டு 280 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கேட்பதற்கு முன்னால் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். அவர்களிடம் ரிஜிஸ்தர் இருக்கிறது. நம்மிடம் ஞாபகம்தான் இருக்கிறது, அதுவும் கிழவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறது.

அதனால் தோழர்களே, மாணவர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப்போங்கள். உங்கள் சேரியில் உபதேசியாராகவோ பைபிள் உமனாகவோ இருந்த பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்த வருஷம் ஆரம்பித்தார்கள், எத்தனை ஊர் நடந்தார்கள், எத்தனை சாவு அடக்கம் செய்தார்கள், எத்தனை பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், சம்பளம் என்ன, அடி வாங்கியது எதற்கு, மேலே போக விடாமல் என்ன சொல்லித் தடுத்தார்கள் என்று அவர்கள் வாயால் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பேர் போடுவோம். இதழில் தொடர்ந்து வெளியிடுவோம். பிஷப் வீடுகளுக்கும் தவறாமல் ஒரு பிரதி போகும்.

தோழமையுடன்,
ஆசிரியர்
ஜலகண்டாபுரம்